தாய்மாமன் முறை

காலை ஆறு இருபது. நேரம் சரியாகத் தெரியும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாதா கோவில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. மனைவி அடுப்பில் பால் வைத்திருந்தாள். நாலரை மணியிலிருந்து விட்டுவிட்டு முக்கிக்கொண்டிருந்த எங்கள் நாயின் அடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்திருந்தோம். அதில் கரும்பச்சையாக ஒரு கறை படர்ந்தது. குட்டி வரவில்லை.

“பச்சையா இருக்குங்க,” என்றாள் மனைவி. “இப்படித்தான் வருமா?”

இரண்டு மாதமாகப் படித்ததில் எனக்கு அது தெரிந்திருந்தது. முதல் குட்டி பிறந்த பிறகு அந்த நிறம் வந்தால் பயமில்லை. பிறப்பதற்கு முன்னால் வந்தால், உள்ளே நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது, குட்டிக்கு மூச்சு போகும் வழி அடைபடுகிறது என்று பொருள். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. “காரை எடுக்கிறேன், கூடையில துணி போடு,” என்றேன். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் பாதி வழியில்தான் வந்தது.

பாப்பிலான் என்கிற ஜாதி அது. இரண்டே முக்கால் கிலோ எடை. விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு காதுகள், வெள்ளையும் பழுப்புமாக நீள முடி. மகள் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அடம்பிடித்து வாங்கியது. முதல் நாள் தெருவில் கூட்டிப்போனபோது, “வாத்தியார் நாய் வாங்கப் போயி அணில் வாங்கிட்டு வந்திருக்காரு,” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மகள் அதைப் பாப்பா என்று கூப்பிட்டாள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபின் வீட்டில் நாங்கள் இருவரும் பாப்பாவும்தான். நல்லபடியாக இருக்கும்போதே, இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கணக்குப் போடுவது என் சுபாவம். பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்ததும் அந்தக் கவலை தொடங்கியது. இதற்கு ஒரு குட்டி இருந்தால், இது போனாலும் அது இருக்கும். மகளுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்காகத்தான்.

நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் விசாரித்தேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்திலும் இந்த ஜாதியில் ஒரே ஒரு ஆண்தான் இருப்பதாகச் சொன்னார்கள். பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவரிடம். பேசிய முதல் நாளே அவர் தன் நாயின் வீடியோ ஒன்றை அனுப்பினார். களத்தில் உரித்துக் குவித்த தேங்காய்களுக்கு நடுவே அது ஓடி வருகிறது. நடுவில் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு குதிக்கிறது. மறுபடி நாலு காலில் ஓடுகிறது.

மனைவி கைகொட்டிச் சிரித்தாள். “அப்படியே நம்ம பாப்பா ஆடுற டான்ஸ்! ஜோடிப் பொருத்தம் பாருங்க!”

பாப்பாவும் அப்படிக் குதிக்கும். மாடிப்படி ஏறும்போது, விளையாட்டு முற்றும்போது. எங்களிடமும் அப்படி ஒரு வீடியோ இருந்தது. பதிலுக்கு அதை அனுப்பினோம். அவர் சிரிப்புப் படம் பத்து போட்டார்.

இரண்டு நாய்களுக்கும் வம்சப் பத்திரம் இருந்தது. மூன்று தலைமுறைப் பெயர்கள், எல்லாம் இங்கிலீஷ் ராஜா ராணிப் பெயர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பேராவூரணி நாயின் அப்பா அம்மா பெயர் பாப்பாவின் தாளிலும் இருந்தது. பாப்பாவின் அம்மாவுக்கும் அவர்கள்தான் அப்பா அம்மா. இரண்டு தடவை விரல் வைத்துச் சரிபார்த்தேன். அந்த ஆண், பாப்பாவின் அம்மாவோடு பிறந்தது.

மண்டிக்காரருக்குப் போன் செய்தேன்.

“தாய்மாமன் முறைதானே சார்!” என்றார் அவர். “நம்ம பக்கம் பொண்ணு கேக்க முதல் உரிமை அவனுக்குத்தானே? நாம என்ன தப்பா பண்றோம்?”

“அதுக்கில்லைங்க, நாய்க்கு...”

“சார், நான் கட்டியிருக்கிறது அக்கா மவ. ரெண்டு பசங்க, ரெண்டும் சிங்கக்குட்டி. நீங்க சும்மா புஸ்தகத்தைப் பாத்துப் பயந்துக்காதீங்க சம்பந்தி.”

நான் சிரித்தேன். சிரித்ததோடு என் சந்தேகம் முடிந்துபோனது. நானும் மாமன் மகளைக் கட்டியவன்தான். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று பீடத்திலிருந்து சாமியார் கேட்கும்போது, நெருங்கிய சொந்தம் என்கிற தடை இருப்பது கோவிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதற்கு ஆயர் இல்லத்திலிருந்து முன்பே விலக்கு வாங்கியாகிவிட்டது. “இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான் இந்தக் கடிதம் எழுதியாச்சு,” என்று சாமியார் சொன்னார். எங்களுக்கு அது ஒரு தாள். கேட்டால் கிடைக்கும் தாள். கேள்வி என்று ஒன்று அதற்குள் இருந்ததாக நாங்கள் நினைக்கவேயில்லை.

நான் அறிவியல் ஆசிரியர். பட்டாணிச் செடியையும் பாரம்பரியத்தையும் வருடாவருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறவன். நடத்துவதும் நம்புவதும் வேறு வேறு அறைகளில் இருந்திருக்கின்றன.

இனச்சேர்க்கைக்கு நாள் குறித்ததை மகளுக்குச் சொன்னபோது அவள் கேட்டது இதுதான்: “முட்டி, இதயம், கண்ணு, இதெல்லாம் செக் பண்ணணும்ப்பா. பேப்பரைப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு.”

பார்த்தது உண்மை.

தஞ்சாவூருக்கு எங்கள் ஊரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். குறுவை அறுப்பு முடிந்து, மழைக்கு நடுவே வெயில் கிடைத்த நாட்கள் அவை. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிடக் கூடாதே என்று சாலையில் பாதியை மறித்து நெல் கொட்டியிருந்தார்கள். அந்த நேரத்துக்குத்தான் தார்ப்பாயை விலக்கி, காலால் அளைந்து பரப்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு பால் வண்டி வந்தது. நான் நிறுத்தவில்லை. நெல் மேலேயே ஏற்றினேன்.

“ஏ வாத்தியாரே! சோறு திங்கிறியா வேற எதாவது திங்கிறியா?” என்று ஒரு பெண் கத்தியது கண்ணாடிக்குள் கேட்டது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். நெல் மேல் வண்டி ஏற்றியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மடியில் கூடையை வைத்திருந்த மனைவி, “முக்கறதை நிறுத்திடுச்சுங்க,” என்றாள்.

நாய்களுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா கிளினிக்குக்கு மேல் மாடியில்தான் குடியிருந்தார். நைட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஸ்கேன் கருவியைப் பாப்பாவின் வயிற்றில் வைத்தார்.

“ரெண்டு குட்டி. ஒண்ணுக்குத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?”

“நேத்து மத்தியானம்.”

“இவ்வளவு சின்ன உடம்புல ஒரு நாள் சாப்பிடலைன்னாலே சர்க்கரை இறங்கிடும் சார். மயக்க மருந்தும் தாங்கணும். கிழிச்சுத்தான் எடுக்கணும். தாய் பிழைக்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாது. கையெழுத்துப் போடுங்க.” தாளைத் திருப்பி எழுதிக்கொண்டே கேட்டார்: “ஆண் நாய் எந்த ஊரு? ரெண்டும் சொந்தமா?”

மனைவி தலையை நிமிர்த்தாள்.

அந்தக் கேள்வி எங்கள் இருவர் காதிலும் முன்பு ஒருமுறை விழுந்திருக்கிறது. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், மகள் பிறப்பதற்கு முன், எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. பச்சைக் குழந்தைகள் வார்டில் ஒரு டாக்டர் இப்படித்தான், எழுதிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், “ரெண்டு பேரும் சொந்தமா?” என்று கேட்டார். “மாமா பொண்ணு சார்,” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருக்கிறது. யாரும் அதைத் தொட்டதில்லை.

“சொந்தம்தான்,” என்றேன். “அம்மாவோட கூடப்பிறந்தது.”

“தெரியாம விட்டுட்டீங்களா?”

“தெரியும்.”

டாக்டரம்மா பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்துவதற்கு முன், “அந்த ஆண் நாய்க்காரரை வரச் சொல்லுங்க. அந்த ஆணுக்கு இதுக்கு முன்னாடி பொறந்த குட்டிங்க எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்,” என்றார்.

மண்டிக்காரருக்குப் போன் செய்தேன். ஏழே கால். விவரத்தைச் சொன்னேன். “கிளம்பிட்டேன் சார்,” என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மனைவி வெகுநேரம் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா வேணாம்பே.”

“நான் என்னிக்குங்க உங்களை வேணாம்னு சொல்லியிருக்கேன்?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “நம்ம புள்ளைக்கும் இதான் காரணமா?”

“அது யாருக்கும் தெரியாது. இதால இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். டாக்டரே ஒண்ணும் சொல்லலையே.”

“நாம கேக்கலையே.”

அவளே எழுந்துபோய், எதிர்க்கடையில் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு மகளைக் கூப்பிட்டேன். முதலில் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். அழுதாள். பிறகு மற்றதைச் சொன்னேன். பேப்பரைப் பார்த்ததையும், என்ன பார்த்தேன் என்பதையும். அழுகை நின்றுவிட்டது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நான் கேட்டேன்ல?”

“கேட்டே.”

“எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்கல்ல?”

“சொன்னேன்ம்மா. தப்புதான்.”

“அப்பா, பாப்பா செத்துப்போச்சுன்னா நான் உங்களை மன்னிப்பேனான்னு எனக்கே தெரியலை,” என்றாள். அப்படியே, நிதானமாக. கொஞ்சம் கழித்து, “அந்த ஆண் நாயை இன்னும் எத்தனை இடத்துல விட்டிருக்காங்க? அதைக் கேட்டீங்களா?” என்றாள்.

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவேயில்லை. உடனே மண்டிக்காரரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. மறுபடியும் அதையே சொன்னது.

ஒன்பதரைக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். இரண்டு குட்டிகளில் ஒன்றுக்கு மேலண்ணம் பிளந்திருந்தது. பால் குடிக்க முடியாது, குடித்தாலும் மூச்சுக்குள் போய்விடும். ஏற்கெனவே துடிப்புக் குறைந்திருந்ததும் அதுதான். அரை மணி நேரம்தான் இருந்தது. ஒரு சின்னத் துணியில் சுற்றிக் காட்டினார். என் கட்டைவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. காது இன்னும் மடங்கியே இருந்தது. மற்றொன்று உயிரோடு இருந்தது. பாப்பா இன்னும் கண் விழிக்கவில்லை.

“சர்க்கரை ஏத்திட்டு இருக்கேன். சூடு வெச்சிருக்கேன். பாப்போம்,” என்றார். “இன்னொண்ணு. மயக்கத்துல இருக்கறப்பவே காலையும் பாத்தேன். ரெண்டு முட்டியும் நழுவுது. எப்பவாவது பின்னங்காலைத் தூக்கிக்கிட்டுக் குதிக்குமா?”

“குதிக்கும்,” என்றாள் மனைவி. “டான்ஸ் ஆடும்னு நாங்க...”

“டான்ஸ் இல்லம்மா. முட்டிச் சில்லு விலகறப்ப கால் ஊன முடியாது. அது மறுபடி இடத்துல வந்து உக்காந்ததும் ஓடும். இந்த மாதிரி குட்டி ஜாதிங்கள்ல நிறைய உண்டு. அந்த ஆணுக்கும் இருக்கா?”

மனைவி போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினாள். டாக்டரம்மா அதை முழுவதும் பார்க்கவில்லை. பாதியிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டுக்குமே ஒரே கோளாறு. அதைச் சேத்து வெச்சா வேற என்ன சார் வரும்?”

“இந்தப் பக்கத்துல வேற ஆணே இல்லீங்க,” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சொத்தையான பதில் என்று எனக்குத் தெரிந்தது.

“இல்லைன்னா விட்டுடணும். நாலே நாலு நாய்தான் இருக்குன்னு அந்த நாலையும் மாத்தி மாத்திச் சேத்தா அஞ்சாவது நல்லா பொறக்குமா? அபூர்வமா இருக்குன்னுதான் எல்லாரும் ஆசைப்படறாங்க. அபூர்வமா இருக்கறதுதான் பிரச்சினையே. பெங்களூரு, ஐதராபாத்னு தேடியிருக்கலாம். கிடைக்கலைன்னா இது இப்படியே சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே. குட்டி போட்டே ஆகணும்னு அது உங்ககிட்ட கேட்டுச்சா?”

கேட்கவில்லை.

எங்களுக்கு இப்போது இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. தம்பி பார்க்கிறான். சொந்த வயலில் விளைந்ததையே விதையாக எடுத்து மூன்று நாலு போகம் போட்டால் பயிர் உயரமும் குட்டையுமாக நிற்கும், கதிர் சிறுக்கும் என்று அவன் வெளியிலிருந்து விதை வாங்கி மாற்றிவிடுவான். அதற்கு அவன் எந்தப் பாடமும் படிக்கவில்லை. நெல்லுக்குத் தெரிந்த நியாயத்தை நான் என் வீட்டு நாய்க்கு வைத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். நெல்லை நாம் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாப்பாவுக்கு மாப்பிள்ளை, சம்பந்தி, தாய்மாமன் என்று சொல்லத் தொடங்கிய உடனேயே அது கல்யாணமாகிவிட்டது. கல்யாணம் என்றால் எங்களுக்குச் சொந்தத்தில் செய்வதுதான் பத்திரம்.

இன்னொன்றும் இருந்தது. வாட்ஸப் குழுவில் பாப்பாவின் படத்தைப் போட்டு, “ஜாதி சுத்தம், மூன்று தலைமுறைப் பத்திரம் உண்டு” என்று நான்தான் எழுதினேன். ஜாதி சுத்தம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் நல்லவிதமாகக் கேட்டதில்லை. அப்பாவைக் களத்துக்கு வெளியே நிற்கவைத்த சொல் அது. ஒரு நாய்க்காக அதை நானே பெருமையாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கண்ணாடித் தடுப்பு வழியாகப் பாப்பா தெரிந்தது. நாக்கு வெளிறிப் பக்கவாட்டில் கிடந்தது. மார்பு ஏறுகிறதா என்று பார்ப்பேன்; ஏறும். அடுத்தது ஏறுமா என்று பார்ப்பேன். உயிரோடு இருந்த குட்டியை மனைவி கையில் சூட்டுப்பையோடு வைத்துக்கொண்டு, அரை மில்லி அரை மில்லியாகப் பால் கொடுத்தாள். பதினோரு நாள் அவள் அப்படிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி கழுத்தைச் சாய்த்து, உதட்டைக் குவித்து.

“உங்க சம்பந்தி வரமாட்டாரு,” என்றாள், குட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “லாரில லோடு ஏத்திக்கிட்டு நிப்பாரு.”

“கிளம்பிட்டேன்னாரே.”

“பேராவூரணி என்ன பம்பாய்ல இருக்கா? ஏழே காலுக்குக் கிளம்பினவரு நடந்து வந்தாலும் ஒரத்தநாடு தாண்டியிருப்பாரு.”

ஒன்றேகாலுக்குப் பாப்பாவின் முன்னங்கால் அசைந்தது. டாக்டரம்மா கண்ணிமையைத் தொட்டார், சிமிட்டியது. பத்து நிமிடம் கழித்துத் தலையைத் தூக்க முயன்று, முடியாமல், மறுபடி முயன்று தூக்கியது. மகளுக்கு வீடியோவில் காட்டினேன். அவள் பாப்பாவைத்தான் பார்த்தாள், என்னோடு பேசவில்லை. “நாளைக்குக் காலைல ட்ரெயின் புடிச்சு வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லிடும்மா,” என்று அவள் அம்மாவிடம் சொன்னது போனைப் பிடித்திருந்த எனக்குக் கேட்டது. அதுவே போதுமாக இருந்தது.

“இனி குட்டி வேணாம். உடம்பு தேறினதும் கர்ப்பப்பையை எடுத்துடலாம்,” என்றார் டாக்டரம்மா. “இந்தக் குட்டிக்கும் இப்பவே நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். உச்சிக்குழி மூடுதா, இதயத்துல சத்தம் இருக்கா, அப்புறம் முட்டி. ஒவ்வொண்ணாப் பாக்கணும். யாரு கேட்டாலும் இதை ஜோடி சேக்கக் குடுக்காதீங்க.”

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மண்டிக்காரரை அதற்குமுன் இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் எனக்குத் தெரியாத ஒரு பெண், துப்பட்டாவால் மூடிய கூடை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்தபடி இறங்கினாள். கூடைக்குள்ளிருந்து பட்டாம்பூச்சிக் காது ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“பட்டுக்கோட்டை வரைக்கும் வந்துட்டேன் சார்,” என்றார் அவர், என் கையைப் பிடித்துக்கொண்டு. “அப்பதான் இவங்க ஞாபகம் வந்துச்சு. முத்துப்பேட்டை. நம்ம பயகிட்ட விட்டுத்தான் இதுவும் சினையா இருக்கு. திரும்பிட்டேன். இவங்க வீட்டுல நம்பலை, கூட்டிட்டு வர நேரமாயிடுச்சு. போன் வேற சார்ஜ் போயிடுச்சு.” உள்ளே எட்டிப் பார்த்தார். “உங்களுது இருக்கா?”

“இருக்கு,” என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அந்தப் பெண்ணை முன்னால் விட்டுவிட்டு, டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “இதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்மா. இன்னிக்கே பாத்துடுங்க.”